பருக் குளிசையும் பள்ளி அறிவித்தலும்

“தம்பி, வேற ஏதாவது குளிசை பாவிக்கிறீங்களா?”

அந்த இளம் பெண் டொக்டர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. நான் சட்டையில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ஈசீஜி எடுப்பதற்காக நெஞ்சில் பூசிய களிம்பு ஜில்லென்று பிசுபிசுத்தது. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு ஊசி ஏறி இறங்கியது. நோன்பு நாள், மாலை அஸர் தொழுகைக்குச் சற்று முந்திய நேரம். தலைக்கு மேலே காற்றாடி சுழன்றும் வியர்த்துக் கொட்டியது.

கட்டிலின் ஒரு பக்கம் வாப்பா நின்றார். கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடி வந்திருந்தார். சாரத்தில் நைலோன் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. கால்மாட்டில் கபூர் மரைக்கார் நின்றார். எங்கள் பள்ளிவாசலின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. ஊரில் யார் எந்த வக்துத் தொழுகைக்கு வரவில்லை என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும்.

“இல்ல டொக்டர்,” என்றேன்.

வாப்பா முந்திக்கொண்டார். “இவன் ஹாபிழ், டொக்டர். குர்ஆன் முழுக்க மனப்பாடம். இந்த நோன்புக்கு எங்கட பள்ளில தறாவீஹ் தொழவைக்கிறவன். ஒரு சிகரட் கூடத் தொட்டதில்ல.”

“ஒண்டும் ஒளிக்கப்படாது மனே,” என்றார் மரைக்கார்.

“ஒண்டுமே இல்ல,” என்றேன் மறுபடியும்.

பச்சைப் பொய். வீட்டில் என் கட்டிலுக்கு அடியில், பழைய ஃபோன் பெட்டி ஒன்றுக்குள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அது நெஞ்சுக்கும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை. முகப்பருவுக்கு.

ஊரெல்லாம் வைத்தியர்கள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் மத்ரஸா விடுதியைப் பற்றி எழுதினேன் அல்லவா? அங்கே எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். என்னோடு ஓதிய ஒருவன் விடவில்லை. ‘எல்லாம் சரி, அன்னமுன்னாவ ஏன் மறைச்ச?’ என்று மெசேஜ் போட்டுவிட்டான். ஆம், அதுதான் என் பெயர். அன்னமுன்னாப் பழத்தின் முண்டும் முடிச்சுமான தோலைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

பதினாறு வயதில் நெற்றியில் இரண்டாகத் தொடங்கியது. இருபதில் கன்னம், தாடை, கழுத்தின் பின்புறம் என்று எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. சாதாரணப் பரு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இவை உள்ளுக்குள் கட்டியாக உருண்டு, பழுத்து, தாடி மயிருக்கு அடியில் இருந்து குத்தும். தலையணையில் எந்தக் கன்னத்தை வைத்தாலும் வலிக்கும்.

வைத்தியத்துக்குக் குறைவே இல்லை. உம்மா கஸ்தூரி மஞ்சளும் சந்தனமும் அரைத்தார். சலூன்காரர் சீனக்காரக் கட்டியை, அதுதான் படிகாரத்தை, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். எரிந்ததில் கண்ணில் நீர் வந்தது. ஒரு கூட்டாளி பற்பசையைப் பூசச் சொன்னான், அதையும் பூசினேன். பிறகு ஃபேஸ்புக்கில் பெயரில்லாத சின்ன டப்பா ஒன்று வாங்கினேன். பத்து நாளில் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்றார்கள். டப்பா முடிந்த வாரம், அதுவரை வராத இடங்களிலும் பரு வெடித்து வந்தது. அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பொது மருந்து உண்டு. “கல்யாணம் முடிச்சாப் போயிரும்.” இதைச் சொல்லாத ஆளே ஊரில் இல்லை. மிக உறுதியாகச் சொன்னவருக்கு மூன்று பிள்ளைகள். மூக்கு நுனியில் அப்போதுதான் புதிதாக ஒன்று சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, மரியாதை கருதி.

சும்மா இருக்கத் தெரியாது எனக்கு. விரல் தானாக முகத்துக்குப் போகும். மாமாவின் ஃபோன் கடையில் வேலை செய்தேன். திருத்த வந்த ஃபோன் எதைத் திறந்தாலும் முதலில் கமெராவைத்தான் சோதிப்பேன், அதுவும் முன் கமெராவை. ஒரு நாளில் முப்பது நாற்பது தடவை என் முகத்தை நானே பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் மிச்சம்.

கல்முனையில் பதினெட்டாம் நம்பர்

அந்த வருடம் நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கபூர் மரைக்கார் கடைக்கு வந்தார். ஃபோன் திருத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நின்ற நிலையிலேயே சொன்னார்: “மனே, இந்த முறை தறாவீஹ்ல முதல் பத்து ரக்அத்தும் நீதான். மிச்சம் பத்த மூத்த ஹாபிழ் பாத்துக்குவார். சரியா வந்தா ஒவ்வொரு வருஷமும் உனக்குத்தான்.”

நோன்பு மாதம் முழுவதும் இரவில் இருபது ரக்அத், அதாவது இருபது சுற்று, தொழுது, அந்தத் தொழுகைகளில் குர்ஆனை முதலிலிருந்து முடிவுவரை ஓதித் தீர்ப்பதுதான் தறாவீஹ். தொழவைப்பவர் மனப்பாடமாக ஓத வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் இமாம் நிற்கும் மிஹ்ராபில் நின்றதில்லை. எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். வாப்பாவுக்குத் தன் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. அன்று அவர் செய்தியைக் கேட்டதும் எழுந்துபோய், தான் வேலை செய்த படகுக்காரரிடம் நோன்பு மாதம் முழுக்கக் கடலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இரவில் படகில் இருந்தால் எனக்குப் பின்னால் தொழ முடியாதே.

எனக்கோ வேறு கவலை. பள்ளிக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. குர்ஆன் ஓதி முடிக்கும் இரவில் ஹாபிழ்களை நிறுத்திப் படம் எடுத்துப் போடுவார்கள். கட்டாரில் இருப்பவர்கள்வரை பார்த்து வாழ்த்துவார்கள். அந்தப் படத்தில் இனி என் முகமும் இருக்கும். குர்ஆனைச் சுமந்தவனுக்கு வந்த கவலையைப் பாருங்கள்! வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

யாருக்கும் சொல்லாமல் கல்முனைக்கு பஸ் ஏறி, தோல் டொக்டரிடம் போனேன். பதினெட்டாம் நம்பர். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தேன். டொக்டர் கவசத்தைக் கழற்றச் சொல்லி, விளக்கைக் கிட்டப் பிடித்து, இரண்டு விரலால் தாடையை அழுத்திப் பார்த்தார். இத்தனை வருடத்தில் முகம் சுளிக்காமலும் புத்தி சொல்லாமலும் என் முகத்தைப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

“இது அழுக்கால வாறதில்ல. ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கழுவ வேணாம்,” என்றார். “ஒரு ஜெல் தாறன், இரவில மெல்லிசாப் பூசுங்க. துணியில பட்டா நிறம் போயிரும், கவனம். கூட ஒரு கெப்சூல். டொக்சிசைக்ளின். காலையில ஒண்டு, இரவில ஒண்டு. மூணு மாசம். இதுக்கும் கேக்கல்லெண்டா இன்னும் பலமான மருந்து இரிக்கி. அதுக்கு ரத்தம் சோதிச்சுப் பாக்கணும். இப்ப அவசரமில்ல.”

“நோன்பு வருதே டொக்டர்.”

“அப்ப நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு ஒண்டு, விடிய முந்தி ஸஹருக்குச் சாப்பாட்டோட ஒண்டு. ஒரு முழுக் கிளாஸ் தண்ணி குடிக்கணும். குளிசை போட்ட கையோட படுக்கப்படாது. அரை மணித்தியாலமாவது நிமிந்து இரிக்கணும். விளங்குதா?”

“ஓம் டொக்டர்,” என்றேன். விளங்கியது மூன்று மாதம் என்பது மட்டும்தான். எனக்கு அந்தப் படத்துக்கு முன், ஒன்றரை மாதத்துக்குள் வேண்டியிருந்தது.

கதையைத் தாண்டி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் பிள்ளைகளுக்காக. சில வருடங்களுக்குப் பிறகு அதே டொக்டரிடம் அந்தப் பலமான மருந்தையும் எடுத்தேன். மாதக்கணக்கில் உதடு வெடித்தது. சிரிக்கவே பயந்தேன். ஆனால் பரு போனது. குழிகள் சில இன்னும் இருக்கின்றன. அவசரப்படாதவர்களுக்கு மருந்து வேலை செய்கிறது. நான் அவசரக்காரன்.

முஸல்லாவில் ஒரு வெளுப்பு

ஜெல்லை இரவில் பூசச் சொன்னார் அல்லவா? நான் பகலிலும் பூசினேன். அஸருக்குப் பிறகு ஒன்று, இரவு இஷாத் தொழுகைக்குப் புறப்படும் முன் ஒன்று. அதிகம் பூசினால் சீக்கிரம் போகும் என்பது என் கணக்கு. முகம் காய்ந்து உரிந்தது. உரிவதும் நல்ல அறிகுறி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மிஹ்ராபில் இமாமுக்கென்று புதிய முஸல்லா, தொழுகை விரிப்பு, ஒன்றை விரித்திருந்தார்கள். கரும்பச்சை வெல்வெட். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியது. மரைக்கார் அதை மகளுக்கு எடுத்த கூறைச் சேலையைப் போலப் பார்த்துக்கொண்டார். அதில்தான் ஒவ்வொரு இரவும் நான் நெற்றியை வைத்துச் சுஜூது செய்தேன்.

ஆறாம் நோன்போ ஏழாம் நோன்போ, முஸல்லாவில் நெற்றி படும் இடத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது. மறுநாள் அது உள்ளங்கை அளவு ஆனது. பச்சை போய் வெளிறிய மஞ்சள்.

பள்ளியைக் கூட்டித் துடைப்பவரும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவரும் ஒருவரே. நாங்கள் மோதின் காக்கா என்போம். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தை அவர் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுவார். மரைக்காருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மதிய ளுஹர் தொழுகை முடிந்ததும் எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்.

“பிளீச்சிங் கையோட வந்து முஸல்லாவத் தொட்டிரிக்காய். கண்ணு தெரியல்லயா உனக்கு?”

“அல்லாஹ் அறிய நான் தொடல்ல மரைக்கார்.”

“அப்ப வானத்தில இரிந்து மலக்கா இறங்கி வந்து வெளுத்த?”

சிலர் சிரித்தார்கள். மோதின் காக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவேளை தொட்டுவிட்டேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. துணியில் பட்டால் நிறம் போய்விடும் என்று தோல் டொக்டர் சொன்னது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. துணி என்றதும் என் சட்டையையும் தலையணையையும் மட்டும் நினைத்திருந்தேன். நெற்றி போய்ப் படும் இடத்தை நினைக்கவில்லை.

நான் முன்வரிசையில் இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டு சொல்லில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. பருவுக்கு ஜெல் பூசிக்கொண்டு மிஹ்ராபில் நிற்கிறவன் என்று சிரிப்பார்களே என்ற பயம். செய்ததில் இதுதான் மோசம். மற்றதெல்லாம் மடத்தனம், இது அநியாயம்.

ஒரு மிடறு தண்ணீர்

அன்றோடு ஜெல்லைத் தூக்கி எறிந்தேன். இனிக் குளிசை மட்டும்தான் என்று ஆனது. ஆனால் அன்று மாலை நோன்பு திறந்த பிறகு போட வேண்டிய குளிசையை மறந்துவிட்டேன். மோதின் காக்கா சொன்ன பாங்கைக் கேட்டபடி பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தவனுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

ஸஹருக்கு உம்மா எழுப்பி எழுப்பிக் களைத்துப் போனார். நான் எழுந்தபோது பாங்குக்கு ஐந்து நிமிடம் இருந்திருக்கும். நாலு வாய் சோறும் மீன் ஆணமும் அள்ளிப் போட்டேன். அப்போதுதான் குளிசை நினைவு வந்தது. விட்டதையும் சேர்த்து இரண்டாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டையும் வாயில் போட்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்திருப்பேன், பாங்கு கேட்டது. பாங்கு சொன்ன பிறகு ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. கிளாஸை வைத்துவிட்டு, சுபஹுத் தொழுகைக்குப் புறப்படும்வரை பத்து நிமிடம் என்று சொல்லிக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன்.

நோன்பு பிடிக்காத ஊரில் இப்படி ஒரு பிழை நடக்க வாய்ப்பில்லை.

மதியம் ஆகும்போது தொண்டைக்குக் கீழே ஏதோ தைத்துக்கொண்டு நின்றது. “மீன் முள்ளு,” என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். நோன்பு திறந்ததும் சோற்றை உருட்டி, வாழைப்பழத்தோடு விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். அந்த உருண்டை உள்ளே இறங்கிய வழியெல்லாம் நெருப்பு. கதிரையிலிருந்து துள்ளி எழுந்து வீட்டுக்குள் நடந்தேன், வெளியே நடந்தேன், மறுபடி உள்ளே வந்தேன். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

அடுத்த நாளும் அப்படியே. அன்று தறாவீஹில் குரல் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் ஓதல் தடுமாறி, பின்னால் நின்ற மூத்த ஹாபிழ் எடுத்துக் கொடுத்தார். வாப்பா வழக்கம்போல எனக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் நின்றார். அந்த இடத்துக்காகவே அவர் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போய்விடுவார். தொழுது முடிந்ததும் “தண்ணி நிறையக் குடி மகன்,” என்று மட்டும் சொன்னார்.

நான் இதை அல்லாஹ்வின் பிடி என்று எடுத்துக்கொண்டேன். மோதின் காக்காவைத் தலைகுனிய விட்டவனின் தொண்டையை அவன் சும்மா விடுவானா? பயத்தில் குளிசையையும் நிறுத்தினேன். ஆனால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ளுஹருக்குப் பிறகு பள்ளியில் தனியாக இருந்து, அன்றிரவு ஓத வேண்டியதை ஓதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாய்ந்தது. சுருண்டு விழுந்தேன். என்னைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றியது யார் தெரியுமா? மோதின் காக்கா. வழியெல்லாம் என் நெஞ்சை நீவிக்கொண்டு வந்தார்.

ஒலிபெருக்கி

இனி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருகிறேன். ஒண்டுமே இல்ல என்று நான் சொன்னதை டொக்டர் எழுதிக்கொண்டார்.

“ஈசீஜி பெரிசாப் பிழையில்ல. ஆனா நாடி நல்ல வேகமா இரிக்கி. இந்த வயசில இப்பிடி நெஞ்சு நோவு வரக் காரணம் தெரியல்ல. வார்டில வச்சுப் பாப்பம். குறையல்லெண்டா காலையில மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

எங்கள் பக்கத்தில் மட்டக்களப்புக்கு அனுப்புவது என்றால் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். வாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சொல்ல வாய் வந்தது. மரைக்கார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கையில் சேலைன் ஏற்றினார்கள். அந்தி மஃரிபுக்குப் பிறகு ஃபோன் அதிரத் தொடங்கியது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அறிவித்தலைப் பதிவு செய்து போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் மரைக்காரின் குரல்: “நமது பள்ளிவாசலின் இளம் ஹாபிழ் றிபாஸ் அவர்கள், கடுமையான இருதய நோயினால் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளார். அன்னாரின் சுகத்துக்காக அனைவரும் துஆச் செய்யுமாறு...”

அதன் கீழே ஊரே ஆமீன் சொல்லியிருந்தது. மருதமுனை மாமி அழுதுகொண்டே குரல் அனுப்பியிருந்தார். என்னோடு பேசாமல் இருந்தவன் மன்னிப்புக் கேட்டிருந்தான். கட்டாரிலிருந்து ஒருவர் எனக்காக மக்காவுக்குப் போய் உம்றா செய்ய நிய்யத் வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். கவிழ்த்தேன். இல்லாத இருதய நோய்க்கு இத்தனை துஆவா என்று நினைக்க நினைக்கக் கட்டில் முள்ளாகக் குத்தியது. வாப்பா ஒரே ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் கதிரையில் இருந்தார்.

காலையில் டொக்டர் வந்து தாளைப் புரட்டினார். அம்புலன்ஸ் எத்தனை மணிக்கு என்று தாதியிடம் கேட்டார். வாப்பா எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனிதர், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார்.

“டொக்டர், கேக்கிறனெண்டு குறை நினைக்காதீங்க. என்ட நெஞ்சில இரிந்து ஏதும் எடுத்து இவனுக்கு வைக்கலாமெண்டா எடுங்க. எனக்கு அம்பத்தெட்டு வயசு. இவன் இனித்தான் ஓதணும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“டொக்டர், நான் குளிசை போட்டன்.”

“என்ன குளிசை?”

“டொக்சிசைக்ளின்.”

“எத்தின?”

“ரெண்டு. ஒண்டா.”

“தண்ணி?”

“ஒரு மிடறு.”

“அதுக்குப் பிறகு?”

“படுத்திட்டன்.”

டொக்டர் தாளை மூடினார். பிறகு வாப்பாவிடம் திரும்பி, குளிசை இரைப்பைக்கு இறங்காமல் உணவுக் குழாயில் ஒட்டி, அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிட்டது என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். “இருதயத்தில ஒண்டும் இல்ல ஐயா. பாணி மருந்து தாறன். தண்ணியா, ஆற வச்ச சாப்பாடு மட்டும். பத்து நாளைக்கு நோன்பு பிடிக்கேலாது. சத்தமா ஓதவும் வேணாம்.” பிறகு என்னிடம், “நேத்தே சொல்லியிருந்தா உங்கட வாப்பா இப்பிடி நிண்டிருக்க மாட்டார்,” என்றார்.

“அது என்னத்துக்குப் போடுற குளிசை?” என்று கேட்டார் வாப்பா.

“பருவுக்கு, வாப்பா.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரிப்பை அடக்கி இருமினார். வாப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். வாசலுக்கு நடந்தார்.

“வாப்பா,” என்று கூப்பிட்டேன். “அந்த முஸல்லா வெளுத்தது... அதுவும் நான்தான். மோதின் காக்கா இல்ல.”

நின்றார். திரும்பவில்லை. போய்விட்டார்.

கஞ்சி

அந்தப் பகல் நகரவே இல்லை. பாணி மருந்தைக் குடித்தேன். சேலைன் கழன்ற கையோடு வார்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். தாதி இரண்டு தடவை ஏசிப் படுக்க வைத்தார். வாப்பா கடலுக்கே போயிருப்பார் என்று நினைத்தேன். போனால் நியாயம்தான். ஒரு மாதம் கடலை விட்டவர், எதற்காக விட்டார்?

அஸருக்குப் பிறகு வந்தார். கையில் ஃப்ளாஸ்க். பள்ளியில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை உம்மா வடிகட்டி ஊற்றிக் கொடுத்திருந்தார். இஞ்சியும் ரம்பை இலையும் மணந்தன.

“எங்க போனீங்க வாப்பா?”

“முதல்ல மோதின் காக்காட வீட்ட போனன். பிறகு ளுஹருக்குப் பள்ளில எழும்பிச் சொன்னன். மகனுக்கு இருதய வருத்தம் இல்ல, பருக் குளிசையப் போட்டுட்டுப் படுத்திட்டான், முஸல்லாவ வெளுத்ததும் அவன்தான், மோதின் மேல ஒரு பிழையும் இல்லெண்டு.”

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. நானும் கொஞ்சம் சிரிச்சன்.”

“மோதின் காக்கா?”

“அவர் சிரிக்கல்ல. மரைக்கார் அவரிட்ட மாப்புக் கேட்டாப்பிறகுதான் சிரிச்சார். நீ வந்து கேக்கணும்.”

“ஓம் வாப்பா.”

கஞ்சியை மூடியில் ஊற்றி ஆற்றினார். பக்கத்துக் கட்டில்களில் நோன்பாளிகள் இருந்தார்கள். அவரும் நோன்பாளி. நான் தயங்கினேன்.

“குடி. வருத்தக்காரனுக்கு அல்லாஹ் விட்டுத்தந்திரிக்கான். பிறகு நோன்ப நோற்றுக் கொடுக்கலாம்.”

மெல்ல மெல்லக் குடித்தேன். எரிந்தது, ஆனால் இறங்கியது.

“மரைக்கார் என்ன சொன்னார்?”

மூடியைக் கழுவிக்கொண்டு வந்தார். “இந்த நோன்பு முழுக்க மூத்த ஹாபிழ்தான். அடுத்த வருஷம் பாப்பமெண்டார்.”

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் காதால் கேட்டபோது தாங்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்துக்காக வாப்பாவின் ஆசையைத் தின்றுவிட்டேன் என்ற நினைப்பில் அழுதேன்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. அவர் கட்டிலைச் சுற்றி, நான் திரும்பியிருந்த பக்கம் வந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே இருந்த சிறிய இடைவெளியில் கதிரையைப் போட்டு இருந்தார்.

“இண்டைக்கு இரவு நீ ஓத இரிந்தது எந்த இடம்?”

“சூறா யூசுப், வாப்பா.”

“ஓது.”

“டொக்டர் சத்தமா ஓத வேணாமெண்டு...”

“எனக்கு மட்டும் கேட்டாக் காணும்.”

நான் கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். நேற்றிலிருந்து கழுவாத முகம், உரிந்த தோல், புதிதாகப் பழுத்த கட்டிகள். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

“மறைக்காத. பத்து நாளா பின்னுக்கு நிண்டு உன்ட முதுகத்தான் பாத்தன். ஓதுற மொகத்தப் பாக்கல்லயே நான்.”

ஓதினேன். காற்றாடிச் சத்தத்துக்கு மேலே போகாத குரலில், வலிக்கும் இடத்தில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி தொடங்கி ஓதினேன். வாப்பாவுக்கு அரபில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை.

“காணும்,” என்று நிறுத்தினார். இரண்டு கைகளையும் ஏந்தி, உதடு அசைய, தனக்குத் தெரிந்த மொழியில் துஆக் கேட்டார். துஆ முடிந்ததும் கையைத் தன் முகத்தில் தடவிக்கொள்வதுதான் வழக்கம். அவர் தடவிக்கொள்ளவில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன அந்த இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்தில் வைத்து, நெற்றியிலிருந்து தாடைவரை மெல்ல இறக்கினார்.

பருவெல்லாம் எரிந்தது. நான் அசையவில்லை.